கிழமைக்கு ஒருநாள் களரி

கோப்பிக் கடையின் மூலையில் ஓர் ஒலிவாங்கி, பக்கத்து மேசையில் ஒரு கொப்பி. கிழமையில் குறித்த ஒரு மாலை, பாட விரும்புகிறவர் வந்து கொப்பியில் பெயரை எழுதிவிட்டுக் காத்திருப்பார். முறை வந்ததும் இரண்டோ மூன்றோ பாட்டுப் பாடிவிட்டு இறங்குவார். தெரிவுக் குழு இல்லை, நுழைவுச் சீட்டு இல்லை, பரிசும் இல்லை. உலகின் பல நகரங்களில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் இந்த ஏற்பாட்டை, கொழும்பிலும் சென்னையிலும் வசதி படைத்த இளைஞர்களின் பொழுதுபோக்காகவே நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். களுதாவளை போன்ற ஓர் ஊருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். நெருங்கிய தொடர்பு உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம். மட்டக்களப்புப் பகுதியின் கலை வாழ்வு, கிழமைதோறும் கூடும் இத்தகைய சிறிய களம் ஒன்றைத் தனக்குள்ளேயே வைத்திருந்தது. பெரிய மேடைகளைக் கட்டி எழுப்பிய காலத்தில் அதை நழுவ விட்டோம். இன்று இங்குள்ள பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் உள்ள பெரிய குறை, விழாக்கள் போதாமையோ பயிற்சி போதாமையோ அல்ல; ஒரு விழாவுக்கும் அடுத்த விழாவுக்கும் இடையில் பாடுவதற்கு இடம் இல்லாமையே.

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், தேற்றாத்தீவுக்கும் களுவாஞ்சிகுடிக்கும் நடுவே, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் களுதாவளை இருக்கிறது. சுயம்புலிங்கப் பிள்ளையார் ஆலயத்தாலும் வெற்றிலையாலும் பெயர் பெற்ற ஊர். இவ்வூரிலோ சுற்றியுள்ள ஊர்களிலோ இசை பயிலும் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் மேடைகளை எண்ணிப் பார்க்கலாம். பாடசாலையில் தமிழ்மொழித் தினப் போட்டி: வலயம், மாகாணம், தேசியம் என்று படிப்படியாக வடிகட்டும் போட்டி அது, வடிகட்டப்பட்டவருக்கு அந்த ஆண்டு அத்தோடு முடிந்துவிடும். 1931 இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகள்: அங்கே கேட்பவர்கள் பரீட்சகர்கள் மட்டுமே. கோயில் திருவிழா, பிரதேச இலக்கிய விழா, அரங்கேற்றம் ஆகியவை ஆண்டுக்கு ஒருமுறை வருபவை. அரங்கேற்றமோ பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒன்றுதான், அதற்கும் பெற்றோர் கடன்படும் நிலை உண்டு. கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை, நடனம், நாடகம் ஆகியவற்றில் பட்டப்படிப்பு இருக்கிறது. பட்டம் பெற்று ஊர் திரும்புகிறவருக்கு முன்னால் இருக்கும் பாதை ஆசிரியர் நியமனம் ஒன்றே. நியமனம் வரும்வரை அவர் எங்கே பாடுவார், யாருக்குப் பாடுவார் என்பதற்கு யாரிடமும் ஏற்பாடு இல்லை. இந்த மேடைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. எல்லாமே முடிந்த பொருளைக் கேட்பவை. தவறு செய்ய இடம் கொடாதவை.

இப்பகுதியின் கூத்து மரபு இந்த விடயத்தை வேறு விதமாக ஒழுங்குபடுத்தியிருந்தது. பேராசிரியர் சி. மௌனகுருவின் ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ (1998) முதலிய ஆய்வுகள் ஒரு கூத்து உருவாகும் படிகளை விரிவாகப் பதிந்திருக்கின்றன. ஊர்ப் பெரியவர்கள் கூடி, கூத்துப் பழக்கும் ஆசானாகிய அண்ணாவியாரை அழைப்பார்கள். உடல்வாகும் குரலும் பார்த்துப் பாத்திரங்கள் பகிரப்படும். அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய சட்டம் கையில் கொடுக்கப்படும். பிறகு மாதக்கணக்கில் இரவுப் பழக்கம், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், கடைசியில் அரங்கேற்றம், அதற்கும் பின் வீட்டுக்கு வீடு ஆடுதல். இவற்றுக்கு நடுவில் கிழமைக் கூத்து என்று ஒரு படி இருந்தது. பழகிய அளவுக்கு, கிழமைக்கு ஒருமுறை ஊரார் முன்னிலையில் ஆடிப் பார்ப்பது அது. ஒப்பனையும் உடுப்பும் இல்லை. சாரத்தை மடித்துக் கட்டியபடி வட்டக் களரி என்ற ஆடுகளத்தில் இளைஞர் இறங்குவார், மத்தளம் தாளக்கட்டைக் கொடுக்கும், சல்லரி சேரும். மூன்றாம் சுற்றில் கால் பிசகினால் அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தி, வாயால் தாளத்தைச் சொல்லி, மறுபடியும் முதலிலிருந்து எடுப்பார். சுற்றியிருப்பவர்களில் முன்பு அதே பாத்திரம் ஆடிய கிழவர் ஒருவர் இருந்தால், தரு என்ற பாட்டை இழுக்க வேண்டிய இடத்தை அவரே பாடிக் காட்டுவார். பிழைத்ததும் திருந்தியதும் ஊரின் கண்முன்னே நடந்தன. அரங்கேற்ற நாளில் அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள், அது எப்படி வந்து சேர்ந்தது என்று அறிந்தவர்கள். களரிக்கு நான்கு பக்கமும் இருந்த தேர்ந்த ரசனை இப்படித்தான் உண்டாயிற்று என்று நான் கருதுகிறேன்.

அந்தப் படி எப்படி மறைந்தது? பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை மீட்டெடுத்த வரலாறு ஈழத்து அரங்கியலின் பெருமைக்குரிய பக்கம். பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962 இல் ‘கர்ணன் போர்’, 1964 இல் ‘இராவணேசன்’ என்று அவர் மேடையேற்றியபோது, கிராமத்தான் ஆட்டம் என்று ஒதுக்கப்பட்டிருந்த கூத்து கற்றோர் மதிக்கும் கலையாயிற்று. விடிய விடிய ஆடிய கூத்து இரண்டு மணி நேரத்துக்குள் செறிவு பெற்றது. வட்டக் களரி ஒருபக்கம் பார்க்கும் மேடைக்கு மாறியது. அந்த மாற்றம் இல்லாமல் கூத்து நகரத்தை எட்டியிருக்காது. ஆனால் அந்த மேடைக்கு வந்தது ஆற்றுகை மட்டுமே. ஆற்றுகைக்கு முந்திய மாதங்கள் ஒத்திகை அறைக்குள் போய்விட்டன. பின்னால் வந்த பாடசாலைப் போட்டிகளும் விழாக்களும் அந்த வடிவத்தையே எடுத்துக்கொண்டன. பின்னர் இன்னொரு பக்கம் உள்நாட்டுப் போர் இரவையே எடுத்துக்கொண்டது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சோதனைச் சாவடியும் ஊரடங்கும் சுற்றிவளைப்பும் இருந்த நிலத்தில், இருட்டிய பிறகு ஆட்கள் கூடிப் பழகுவது எளிதாக இல்லை. 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலை, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை ஊர்களைக் குலைத்துப் போட்டது. 2000களின் தொடக்கத்தில் மட்டக்களப்பின் சீலாமுனையில் அரங்கியலாளர் சி. ஜெயசங்கரும் அவ்வூர்க் கூத்தரும் சேர்ந்து தொடங்கிய கூத்து மீளுருவாக்கப் பணி, பழகும் காலத்தையே கலையின் மையமாக மீண்டும் வைத்தது. கூடிப் பேசி, பிரதியையும் கேள்விக்குட்படுத்தி, ஊரின் முன்னால் பழகுவது அதன் முறை. அந்தப் பணி என் வாதத்துக்குப் பெரிய துணை. கூத்துக்குச் செய்யப்பட்ட அதை இசைக்கும் செய்ய வேண்டும் என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

மற்ற நாட்டு அனுபவத்தை இங்கே கொண்டுவருவது அலங்காரத்துக்கல்ல. கிழமைக் கூத்தில் வேலை செய்தது எது என்பதைப் பிரித்தறிய அது உதவுகிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கத்தரீனன் வீதியில் சிம்மர்மன் என்பவரின் கோப்பிக் கடை இருந்தது. பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்ட இசைக் குழு ஒன்று குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கே வாசித்தது; கோடையில் புதன்கிழமைகளில் கடைக்காரரின் தோட்டத்தில் வாசித்தது. 1729 இல் அந்தக் குழுவை நடத்தும் பொறுப்பை ஏற்றவர் யொஹான் செபஸ்தியன் பாக். தேவாலயத்தில் ஞாயிறுதோறும் கடவுளுக்கு எழுதிய அதே மனிதர், கோப்பி மோகத்தைப் பாடும் இசை நாடகம் ஒன்றையும் அக்காலத்தில் எழுதினார். சிம்மர்மன் இசைக்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை. கோப்பி விற்றே ஈடுசெய்தார். அமெரிக்காவின் சரட்டோகா ஸ்பிரிங்ஸ் என்ற சிறு நகரில் 1960 இல் லேனா ஸ்பென்சர் தொடங்கிய ‘கஃபே லேனா’ என்ற இசைக் கோப்பிக் கடை இன்றும் நடக்கிறது. பாக் நடத்திய குழுவுக்கும் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் களரிக்கும் அமெரிக்கச் சிற்றூர்க் கடைக்கும் இசையில் ஒட்டுறவு கிடையாது. பொதுவாக இருப்பவை மூன்று: நாள் மாறாமை, செலவு குறைவு, கேட்க வருகிறவர்கள் திரும்பத் திரும்ப அதே ஆட்களாக இருத்தல். மூன்றாவதுதான் முக்கியம் என்பேன். போன கிழமை சுருதி விலகியவர் இந்தக் கிழமை சேர்ந்து பாடினார் என்று அறிய, இரண்டு கிழமையும் வந்திருந்த காது வேண்டும். திருவிழாக் கூட்டத்தால் அதைத் தர முடியாது. ஆயிரம் பேர் வந்தாலும் அவர்கள் ஒருநாள் ஆட்கள்.

பழைய முறையை அப்படியே கொண்டுவந்தால் என்ன என்பது நியாயமான கேள்வி. அதற்கு உழைப்பின் காலக் கணக்கைப் பார்க்க வேண்டும். பெரும்போக வேளாண்மை மாசி, பங்குனியில் அறுவடையாகி, உழவர் கை ஓயும் மாதங்களில் கூத்துப் பழகினார்கள். மாதக்கணக்கில் இரவு விழிக்க வயல் அவர்களுக்கு விடுப்புக் கொடுத்தது. களுதாவளையின் மணல் நிலத்தில் வெற்றிலைக்கும் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் கிணற்று நீர் இறைப்பவருக்கு அப்படியொரு விடுப்புக் காலம் இல்லை. கொடி நாளும் தண்ணீர் கேட்கும். கொழுந்து கிள்ள விடியற்காலையில் தோட்டத்தில் நிற்க வேண்டும். அலுவலகம் போகிறவருக்கும் கடை வைத்திருப்பவருக்கும் மாலை வகுப்புகளில் நேரம் தேயும் மாணவருக்கும் இதே நிலைதான். ஆறு மாத இரவுகளை இவர்களிடம் கேட்பது, கலையை ஒரு சிலருக்கு விட்டுக்கொடுப்பதில் முடியும். கிழமையில் ஒரு மாலை, இரண்டு மணி நேரம் என்றால் கொடுக்க முடியும். ஆகவே கிழமைக் கூத்தைப் பழைய படிவரிசையிலிருந்து கழற்றி, தனியே நிற்கும் ஓர் ஏற்பாடாக ஆக்குவது மரபை முறிப்பதாகாது. மரபு நின்ற பொருளியல் மாறிப்போன இடத்தில், அதன் பயனைக் காப்பாற்றும் வழி அது.

தேர்வில்லாத மேடை தரத்தைக் கெடுக்கும் என்பது வலுவான மறுப்பு. குருவிடம் ஆண்டுக்கணக்கில் பயின்று, அவர் ‘சரி’ என்ற பிறகே சபை ஏறும் ஒழுக்கம் நம்முடையது. அரைகுறைப் பாட்டுக்குக் கைதட்டல் கிடைத்தால் முழுமைக்கு உழைக்கும் ஊக்கம் போய்விடும் என்று ஆசிரியர்கள் அஞ்சுவதில் பொருள் இருக்கிறது. இதற்குப் பதிலாகப் புகழ்பெற்றவர்களைக் காட்டுவது வழக்கம். நியூயோர்க்கின் ‘கேர்டிஸ் ஃபோக் சிற்றி’யில் திங்கட்கிழமைகளில் யாரும் பாடலாம் என்றிருந்த இரவுகளில் 1961 இல் பாடித் தொடங்கிய இளைஞர் பொப் டிலான் என்பார்கள். அந்தப் பதிலை நான் நம்புவதில்லை. அந்த இரவுகளில் பாடி, பெயர் தெரியாமல் போனவர்களே மிகப் பலர். ஒருவர் உலகப் புகழ் பெற்றதால் ஏற்பாடு நல்லதென்று ஆகாது. என் பதில் வேறு. கிழமைக் களம் குருவுக்கு மாற்றாக நிற்பதில்லை. குருவால் தர முடியாத ஒன்றைத் தருகிறது. வகுப்பறையில் வர்ணம் தவறாமல் பாடும் பிள்ளை, நாற்பது பேர் முன்னால் தொண்டை வறண்டு நிற்பதற்கு மருந்து இன்னொரு வகுப்பல்ல. இன்னொரு நாற்பது பேர். மேலும் கைதட்டல் மலியும் இடம் ஆண்டு விழாவே. அங்கே பாடிய எல்லோருக்கும் பொன்னாடையும் சான்றிதழும் உண்டு. திரும்பத் திரும்ப வரும் சிறு கூட்டம் அவ்வளவு எளிதில் மயங்காது. அண்ணாவியார் களரியில் மத்தளத்தை நிறுத்தியது, அவருக்கும் ஊருக்கும் அந்தப் பிள்ளை அடுத்த கிழமையும் வரும் என்று தெரிந்ததால்தான்.

கதவைத் திறந்துவிட்டால் சினிமாப் பாட்டுத்தான் உள்ளே வரும் என்பார்கள். உண்மை, வரும். கையில் கரோக்கே ஓட்டத்தோடு வருகிறவர்களே முதல் மாதங்களில் அதிகம் இருப்பார்கள். லண்டனில் 1950களின் இறுதியில் இதே சிக்கலை எதிர்கொண்ட பாடகர் யுவான் மக்கோல், தம் நாட்டுப்பாடல் சங்கத்தில் பாடுகிறவர் தம் சொந்த மரபின் பாட்டையே பாட வேண்டும் என்று விதி வைத்தார். அமெரிக்கப் பாட்டைப் போலச் செய்துகொண்டிருந்த ஆங்கிலேய இளைஞர்கள் அந்த விதியால் தங்கள் ஊர்ப் பாட்டைத் தேடிப் போனார்கள். எது சொந்தம் என்று காவல் காக்கும் வேலையும் அதே விதியால்தான் வந்து சேர்ந்தது. மட்டக்களப்பில் அந்தக் காவல் ஒருநாளும் செல்லாது. இங்கே சொந்தம் என்பதே கலந்துதான் வந்திருக்கிறது. போர்த்துக்கேயப் பறங்கியர் கல்யாண வீடுகளில் வயலினோடு ஆடிய கஃப்ரிஞ்ஞாவும், எதிரெதிரே நின்று அந்த இடத்திலேயே அடி கட்டிப் பாடும் அவர்களுடைய பாட்டும் இந்த வாவிக்கரையில் வாழ்ந்தவை. அந்த ஓட்டத்திலிருந்து கிளைத்த பைலாவின் தாளத்தில்தான் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ ஈழத்துப் பொப்பிசையாக வீடுவீடாகப் போனது. விதிக்குப் பதில் சிறு சலுகை ஒன்று போதும்: வசந்தன் பாட்டோ, கவியோ, கண்ணகி வழக்குரையோ, தாமே கட்டிய பாட்டோ பாடுகிறவருக்குக் கூடுதலாக ஐந்து நிமிடம். தி. சதாசிவ ஐயர் 1940 இல் ‘மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு’ என்று அச்சேற்றி வைத்தது அலமாரியில் இருக்கிறது. கண்ணகி கோயில்களின் வைகாசிக் குளுர்த்திச் சடங்கில் கண்ணகியின் வழக்குரையை ராகம் மாற்றி மாற்றிப் படிக்கும் பெரியவர்கள் செட்டிபாளையத்திலும் சுற்றூர்களிலும் இருக்கிறார்கள். குளுர்த்தி முடிந்த பிறகு அவர்களை யாரும் பாடச் சொல்வதில்லை. சினிமாப் பாட்டுக்கு வந்த பையன் அதே மாலையில் அதையும் கேட்டுவிட்டுப் போவான் என்றால், அவனை வாசலில் தடுத்து நாம் பெறுவது என்ன?

யூடியூப்பில் போட்டால் உலகமே கேட்கிறதே, கடைத் திண்ணை எதற்கு என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. பதிவில் பத்தாவது முறை பாடியதை வெளியிடலாம். முதல் முறை பாடும்போது நடுங்கும் குரலை வசப்படுத்த அது கற்றுத்தராது. மத்தளக்காரரும் பாடகரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு நிறுத்தப் பழகுவதும் பதிவில் நடப்பதில்லை.

இவற்றையெல்லாம்விடக் கனமான கேள்வி, ‘யாரும் பாடலாம்’ என்பதில் வரும் ‘யாரும்’ யார் என்பது. பழைய களரியை நான் புகழ்ந்த அளவுக்கு அதன் வேலியையும் சொல்ல வேண்டும். பெண் பாத்திரங்களை ஆண்களே ஆடினார்கள். தாலாட்டிலும் ஒப்பாரியிலும் இப்பகுதியின் மிகச் சிறந்த குரல்கள் பெண்களுடையவையாக இருந்தும், அவர்களுக்குக் களரியில் இடம் இருந்ததில்லை. பெண்கள் கூத்தாடத் தொடங்கியது அண்மைக் கால மாற்றம். கோயிலிலும் சாவீட்டிலும் பறை அடிக்கும் கடமை சாதியோடு கட்டப்பட்டிருந்தது. பறைமேளக் கூத்தின் நுட்பமான தாளக் கோவைகளை வைத்திருந்தவர்கள் ஊரின் ஓரத்தில் நிறுத்தப்பட்டிருந்தார்கள். தேத்தண்ணிக் கடையில் நடத்தினால் இந்த வேலி தானாக விழுந்துவிடும் என்பது கனவு. எங்கள் ஊர்க் கடைகள் ஆண்கள் உட்கார்ந்து பேசும் இடங்கள். இரவு ஏழு மணிக்கு அங்கே ஒரு பெண்பிள்ளை வீணையோடு வந்து நிற்க மாட்டாள். ஆகவே இடமும் நேரமுமே முதல் விதிகள். ஞாயிறு பின்னேரம் நான்கு மணி, வாசிகசாலை முற்றம் அல்லது பாடசாலை மண்டபம், கடைக்காரர் தேத்தண்ணியும் கோப்பியும் கொண்டுவந்து விற்கட்டும். கோயில் மண்டபம் வசதியானதுதான். ஆனால் அங்கே நடத்தினால் யார் எந்தப் படிவரை வரலாம் என்ற பழைய கேள்வி கூடவே வரும். பக்கத்து முஸ்லிம் ஊர்களிலிருந்து றபானோடு பைத் பாடுகிறவரும், கவி சொல்லும் மூதாட்டியும், மட்டக்களப்பு நகரத்துப் பறங்கி வயலின்காரரும் தயங்காமல் வரக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும். பெயரெழுதும் கொப்பிக்கு வந்த ஒழுங்கைத் தவிர வேறு ஒழுங்கு கூடாது. ஆசிரியரோ, அரச உத்தியோகத்தரோ, பிரதம விருந்தினரோ வந்தாலும், வந்த வரிசையில்தான்.

இப்படி ஒன்று தொடங்குவது கடினமல்ல. மூன்றாம் ஆண்டில் அது இருப்பதுதான் கடினம். லைப்சிக்கில் சிம்மர்மன் 1741 இல் இறந்ததும் அந்த வெள்ளிக்கிழமைகள் விரைவில் அற்றுப் போயின. பாக்கின் மேதைமையால்கூட அவற்றைக் காக்க முடியவில்லை. லேனா ஸ்பென்சர் 1989 இல் இறந்தபோது சரட்டோகா ஊரார் கடையை இலாப நோக்கற்ற அமைப்பாக மாற்றி, பொறுப்பைப் பலர் கையில் பிரித்து வைத்தார்கள். அதனால் அது நிலைத்தது. ஒரு கலைஞரின் ஆர்வத்திலோ ஒரு தொண்டு நிறுவனத்தின் இரண்டாண்டு நிதியிலோ தொங்கும் ஏற்பாடு நீடிக்காது என்பதை, ஆழிப்பேரலைக்குப் பின் வந்துபோன எத்தனையோ திட்டங்களைக் கண்ட எழுவான்கரைக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பொறுப்பைச் சுழற்றும் கலை நமக்குப் புதிதுமல்ல. மட்டக்களப்புக் கோயில்களில் திருவிழா நாள்களைக் குடிகள் என்ற வம்சக் குழுக்களுக்குப் பகிர்ந்து, ஒவ்வோர் இரவின் செலவையும் சீரையும் ஒவ்வொரு குடி ஏற்றுக்கொள்கிறது. வண்ணக்கர்மார் என்ற கோயில் நிர்வாகிகள் கணக்கை மேற்பார்க்கிறார்கள். குடிவழியை விட்டுவிட்டு அந்தச் சுழற்சியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். முதற்கிழமை ஒரு விளையாட்டுக் கழகம், அடுத்தது ஒரு சனசமூக நிலையம், அதற்கடுத்தது மாதர் சங்கம், பிறகு பாடசாலையின் பழைய மாணவர். ஏற்பவர்கள் செய்ய வேண்டியவை கதிரை அடுக்குவது, ஒலிவாங்கிக்கு மின் இணைப்புக் கொடுப்பது, நான்கு மணிக்குக் கொப்பியைத் திறந்து வைப்பது. வாடகைக்கு ஒலிபெருக்கி எடுக்கக் கட்டுப்படியாகாத கிழமையில் மத்தளமும் வாய்ப்பாட்டும் போதும். முப்பது பேர் இருக்கும் முற்றத்துக்கு மின்சாரம் வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து ஓர் அண்ணாவியாரையோ ஓர் இசை ஆசிரியரையோ மாதம் ஒருமுறை அழைத்து, பாடச் சொல்லாமல் கேட்கச் சொல்ல வேண்டும். முடிந்த பிறகு அவர் பிள்ளைகளோடு அரைமணி நேரம் இருந்து பேசட்டும். அவருக்குப் பொன்னாடைக்குப் பதில் பயணச் செலவைக் கொடுத்தால் அடுத்த மாதமும் வருவார்.